தாமதமான கூலி யாருக்காக உழைக்கிறது?

“நூறு நாள் வேலை வந்ததிலிருந்து விவசாயத்துக்கு ஆள் கிடைக்கவில்லை.”

டீக்கடையில், தொலைக்காட்சி விவாதத்தில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில், சில நேரம் நம்முடைய தோழர்கள் வாயிலும்கூட வந்துவிடுகிற வாக்கியம் இது. சொல்பவரின் கட்சி மாறும், ஊர் மாறும். வாக்கியம் மாறுவதில்லை.

இதில் ஒரே ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொள்வோம்: ‘ஆள்’. கிராமத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பண்ணையாள், படியாள், நடவாள், அறுப்பாள். கூப்பிட்ட நேரத்துக்கு வந்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு, கொல்லைப்புறமாகப் போகிறவருக்குத்தான் அங்கே ‘ஆள்’ என்று பெயர். கிராமத்தில் மனிதர்கள் குறையவில்லை. கூலியைக் கேட்காமல் வேலைக்கு வருகிறவர்கள்தான் குறைந்திருக்கிறார்கள். ஆகவே அந்த வாக்கியத்தை நேர்மையாகச் சொன்னால் இப்படித்தான் வரும்: “சேரியிலிருந்து வருகிறவர்கள் இப்போதெல்லாம் கூலி எவ்வளவு என்று கேட்டுவிட்டு வருகிறார்கள்.”

இந்தப் புகாருக்கு அரசுகள் ஒரு பதில் வைத்திருக்கின்றன. அது எந்தக் கொள்கை அறிக்கையிலும் எழுதப்படவில்லை. அந்தப் பதிலின் பெயர் தாமதம். கூலியைத் தாமதப்படுத்துவது, வேலையின்மைப் படியை இல்லாமலே செய்துவிடுவது. இரண்டையும் நாம் ‘நிர்வாகக் கோளாறு’, ‘சர்வர் பிரச்சினை’, ‘நிதி நெருக்கடி’ என்றெல்லாம் பெயர் வைத்து அழைத்துக்கொண்டிருக்கிறோம். அதை நிறுத்த வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. யாரோ நான்கு பேர் அறையில் உட்கார்ந்து சதி செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சாதிச் சமூகத்தில் சதி தேவைப்படுவதில்லை. ஒரு கோப்பு அசையாமல் கிடந்தாலே போதும், அது யாருக்கு லாபமோ அவருக்கு லாபமாக முடியும்.

*காலக்கெடுதான் சட்டத்தின் உயிர்*

மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005இல் நிறைவேறியது. 2006 பிப்ரவரி 2 அன்று 200 மாவட்டங்களில் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதல் கட்டத்தில் ஆறு மாவட்டங்கள்: கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை. இந்தப் பட்டியலில் நாகப்பட்டினத்தின் பெயரைச் சற்று நின்று படிக்க வேண்டும். கீழ்வெண்மணி இருக்கும் மாவட்டம் அது. கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகத் திரண்ட ‘குற்றத்துக்காக’ 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியைப் பேசித் தீர்மானிக்கும் உரிமை உனக்கில்லை என்பதுதான் அந்தத் தீயின் செய்தி. ஏறத்தாழ 37 ஆண்டுகள் கழித்து அதே மண்ணில் ஒரு சட்டம் வந்து, வேலை கேட்பது உன் உரிமை என்றது. நமக்கு நூறு நாள் வேலை முக்கியமாகப்படுவது இந்த வரலாற்றிலிருந்துதான். அதை வெறும் ‘வறுமை ஒழிப்புத் திட்டம்’ என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு இது புரியாது.

அந்தச் சட்டத்தின் பலம் கூலித் தொகையில் இல்லை. 2025–26இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்டது நாளொன்றுக்கு 336 ரூபாய். அதுவும் அளவு பார்த்து, குறைத்துத்தான் பல இடங்களில் கைக்கு வரும். பலம் முழுவதும் காலக்கெடுவில் இருந்தது. வேலை கேட்டு மனுக் கொடுத்தால் 15 நாளுக்குள் வேலை. கொடுக்க முடியாவிட்டால் வேலையின்மைப் படி: அந்த நிதியாண்டில் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதன் பிறகு அரைப் பங்குக்குக் குறையாமல். 336 ரூபாயில் கால் பங்கு 84. அரைப் பங்கு 168. வேலை செய்து முடித்தால் 15 நாளுக்குள் கூலி. அதைத் தாண்டினால் நிலுவைத் தொகையில் நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு.

வேலை கொடுக்காவிட்டாலும் அரசுக்குச் செலவு, கூலியைத் தாமதித்தாலும் செலவு. இந்த ஏற்பாடு ஒழுங்காக நடந்தால் என்ன ஆகும்? நிலமில்லாத ஒரு பெண் நிலக்காரரிடம் “இந்தக் கூலிக்கு வர மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வீட்டில் உலை வைக்க முடியும். சட்டம் அவருக்குக் கொடுத்தது 336 ரூபாய் மட்டுமில்லை, ‘மாட்டேன்’ என்கிற சொல்லையும்தான். அந்தச் சொல்லைத் திரும்பப் பிடுங்க வேண்டுமானால் சட்டத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. காலக்கெடுவை உடைத்தால் போதும்.

தொழிலாளிக்கும் ஒரு காலக்கெடு இருந்தது. வேலை ஒதுக்கித் தகவல் வந்து 15 நாளுக்குள் அவர் போகாவிட்டாலோ, அனுமதியில்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் வராவிட்டாலோ, மூன்று மாதத்துக்குப் படி கேட்கும் தகுதியை அவர் இழப்பார் என்றது 2005ஆம் ஆண்டுச் சட்டம். அவர் தாமதித்தால் தண்டனை உடனே. அரசு தாமதித்தால்? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

*ரசீது இல்லாத மனு*

ஊரக வேலையும் சாதியும் பற்றி நான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அதற்காக வட மாவட்டங்களில் சில ஊராட்சிகளில் ஏரிக்கரையிலும் வரத்து வாய்க்காலிலும் பெண்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். “வேலை கேட்டு 15 நாளில் கிடைக்கவில்லை என்றால் படி கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே, வாங்கியிருக்கிறீர்களா?” என்று கேட்பேன். ஒருவர்கூட வாங்கியதாகச் சொன்னதில்லை. ஒரு அக்கா சிரித்துவிட்டார். “வேல செஞ்ச காசே வரலயாம், வேல இல்லாததுக்குக் காசு தருவானா? நல்லாக் கேட்ட போ தம்பி.”

ஏன் வாங்கவில்லை? யாருக்கும் வேலை மறுக்கப்படவில்லையா? மறுக்கப்பட்டது. ஆனால் கேட்டதற்குச் சாட்சி இல்லை. சட்டப்படி மனுவுக்குத் தேதி போட்ட ரசீது கொடுக்க வேண்டும். நடப்பில் என்ன? “வேலை வந்தா சொல்லி அனுப்புறோம்.” ஊராட்சியில் வேலை தொடங்குகிற வாரத்தில்தான் ‘வேலை கேட்டார்கள்’ என்று கணினியில் ஏறுகிறது. கேட்ட தேதியும் கொடுத்த தேதியும் ஒட்டிப் பிறந்தவை போலப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். காத்திருந்த இரண்டு மாதம் எந்தப் பதிவிலும் இருக்காது. பதிவில் காத்திருப்பு இல்லாதபோது படியும் இல்லை. கணக்கைப் பார்த்தால் கேட்டவருக்கெல்லாம் உடனே வேலை கொடுத்த பொற்காலம் தெரியும்.

இதில் இரண்டு அரசுகளின் கையும் இருக்கிறது. உடலுழைப்புக் கூலி ஒன்றிய அரசின் பணம். வேலையின்மைப் படி மாநில அரசு தன் பணத்தில் கொடுக்க வேண்டியது. ஆகவே மனுவைப் பதிவு செய்யாமல் இருப்பதில் மாநிலத்துக்கு நேரடி லாபம். ஒன்றியம் பணத்தைத் தாமதிக்கிறது. மாநிலம் மனுவை மறைக்கிறது. முதலாவதைப் பற்றி நம் மாநிலத்தில் ஆர்ப்பாட்டம் நடக்கிறது, நடக்க வேண்டும். இரண்டாவதைப் பற்றி எத்தனை மேடையில் கேட்டிருக்கிறீர்கள்? சமூக நீதி பேசும் ஆட்சியாக இருந்தாலும் சரி, யாருடைய ஆட்சியாக இருந்தாலும் சரி, சேரிப் பெண் கையில் தேதி போட்ட ஒரு துண்டுச் சீட்டைக் கொடுக்க இருபது ஆண்டுகளில் முடியவில்லை என்றால், அதைக் கோளாறு என்று எப்படி நம்புவது?

*ஒன்றரை வட்டி, பத்து வட்டி*

இப்போது கூலித் தாமதத்துக்கு வருவோம். 2024 நவம்பர் இறுதியிலிருந்து தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய கூலிப் பணம் நின்றது. 2025 ஜனவரியில் 1,056 கோடி ரூபாய் நிலுவையை விடுவிக்கச் சொல்லி முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மார்ச் மாதம் நிலுவை 4,034 கோடி ரூபாய் என்று சொல்லி ஆளுங்கட்சியே மாநிலம் முழுவதும் ஆர்ப்பாட்டம் நடத்தியது. பொங்கல் வந்தது, போனது. பிள்ளைகளின் பொதுத்தேர்வு வந்தது. செய்த வேலைக்குக் காசு வரவில்லை.

கோடிக் கணக்கில் பார்த்தால் இது ஒன்றியம்–மாநிலம் சண்டை. ஒரு வீட்டுக் கணக்கில் பார்ப்போம். 2024–25இல் கூலி 319 ரூபாய். முழுக் கூலியும் போட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். வாரம் ஆறு நாளுக்கு 1,914 ரூபாய். அதற்கு ஒரு நாள் தாமத இழப்பீடு 0.05 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 96 காசு. ஒரு ரூபாய்கூட இல்லை. 100 நாள் தாமதித்தாலும் 96 ரூபாய்க்குள்தான். நம் ஊர் பாஷையில் சொன்னால் அரசு தொழிலாளிக்குத் தர வேண்டியது மாதம் ஒன்றரை வட்டி. அந்த 1,914 ரூபாய் கைக்கு வராததால் அவர் வெளியில் வாங்குகிற கடன் பத்து வட்டி. மாதம் 191 ரூபாய். ஒன்றரை வட்டிக்கும் பத்து வட்டிக்கும் இடையிலான அந்த வித்தியாசத்தை யார் கட்டுகிறார்கள்? அரசுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்துவிட்டு, அதற்காகத் தான் வெளியில் வட்டி கட்டிக்கொண்டிருப்பவர் இந்த நாட்டின் மிக ஏழைப் பெண்.

அந்த ஒன்றரை வட்டியாவது வந்ததா என்றால் அதிலும் ஒரு சூழ்ச்சி. கூலிப் பணம் இரண்டு கட்டமாக நகர்கிறது. வருகைப் பதிவேடு முடிந்து பணப் பரிமாற்ற உத்தரவு போடுவது வரை முதல் கட்டம். அந்த உத்தரவு போன பிறகு ஒன்றிய அரசு பணத்தைக் கணக்கில் போடுவது இரண்டாம் கட்டம். இழப்பீடு கணக்கிட்டது முதல் கட்டத் தாமதத்துக்கு மட்டும். பெரிய தாமதம் எங்கே நடக்கிறதோ அது கணக்கிலேயே வரவில்லை. ஸ்வராஜ் அபியான் வழக்கில் 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதை ஏற்க முடியாது என்றது. கூலி எந்த மேசையில் நின்றது என்பதைப் பற்றித் தொழிலாளிக்குக் கவலையில்லை, அவருக்கு 15 நாளில் கூலி வர வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். தீர்ப்பு வந்து ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் நாம் மேலே பார்த்த பொங்கல்.

மேற்கு வங்கத்தில் இதைவிடக் கொடுமை. முறைகேடு நடந்தது என்று சொல்லி 2022 மார்ச்சில் அந்த மாநிலத்துக்கே ஒன்றிய அரசு நிதியை நிறுத்தியது. திருடியது யாரோ, பட்டினி கிடந்தவர்கள் ஏரி வெட்டியவர்கள். திட்டத்தை மீண்டும் தொடங்கச் சொல்லி 2025 ஜூனில் கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. மூன்று ஆண்டுகள்! நூறு நாள் வேலையில் ஊழல் என்று கூவுபவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் ஊழல் என்று சொல்லி எந்தப் பொறியாளரின் சம்பளத்தை மூன்று ஆண்டுகள் நிறுத்தினார்கள்?

*‘வேலைக்குத் திரும்புதல்’*

கூலி நின்ற அந்த மாதங்களில் தொழிலாளர்கள் என்ன செய்தார்கள்? இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. பொருளாதார நூல்களில் ‘வேலைக்குத் திரும்புதல்’ என்பது நல்ல செய்தி. வேலையிழந்தவருக்கு உதவித்தொகை கிடைத்து, அதை வைத்துக் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்து, தனக்கேற்ற வேலையைத் தேடி எடுத்துக்கொள்வார். உதவித்தொகை இருப்பதே, கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும் நிலைக்கு அவர் தள்ளப்படக் கூடாது என்பதற்காகத்தான்.

நம் ஊரில் வேலைக்குத் திரும்புவது எங்கே என்று அந்த அக்காவிடமே கேட்டேன். “எங்க போறது? பழையபடி அவங்க கழனிக்குத்தான். ஏரி வேல ஜோரா நடந்தப்ப வந்து கூப்ட்டா கூலி சொல்லுன்னு கேப்போம். இப்ப அவங்களே சிரிக்கிறாங்க. ‘என்னா, கவர்மென்ட்டு காசு போட்டாச்சா’ன்னு கேட்டுக்கினே 200 ரூபாய்னு சொல்றாங்க. போனோம்.”

அந்தச் சிரிப்பைக் கவனியுங்கள். கூலி நிலுவையில் இருக்கிறது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நிலக்காரருக்குத் தெரியும், வட்டிக்காரருக்குத் தெரியும், செங்கல் சூளைக்கு முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கிறவருக்கும் தெரியும். தாமதம் என்பது இவர்கள் எல்லோருக்கும் டெல்லியிலிருந்து வருகிற தகவல்: இப்போது போய்க் கூப்பிடு, வருவார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு சூளைக்குப் போனால் பிள்ளைகளின் படிப்பு அந்த வருடத்தோடு நிற்கும். 96 காசு இழப்பீட்டுப் பட்டியலில் இந்தக் கணக்கு எந்தப் பத்தியில் வரும்?

சிறு விவசாயியின் பாடும் கஷ்டம்தானே என்று கேட்கலாம். கஷ்டம்தான். அவருக்கு நெல்லுக்கும் கரும்புக்கும் உரிய விலை கிடைக்கவில்லை. அதை வியாபாரியிடமும் ஆலையிடமும் அரசிடமும்தான் கேட்க வேண்டும். அங்கே கேட்க முடியாததை நடவுப் பெண்ணின் கூலியில் கழித்துக்கொள்வது விவசாயியின் உரிமைப் போராட்டம் ஆகாது. தனக்கு மேலே இருப்பவரிடம் இழந்ததைக் கீழே இருப்பவரிடம் பிடுங்குவதற்குப் பெயர்தான் சாதி.

*ஒரே பதிவேடு*

“நூறு நாள் வேலைக்கு எல்லாச் சாதிப் பெண்களும்தான் போகிறார்கள். இதில் சாதி எங்கே வந்தது?” இதையும் நம் தோழர்கள் கேட்பதுண்டு. எல்லோரும் போகிறார்கள் என்பது உண்மை. அதுதான் இந்தத் திட்டத்தின் பெரிய சாதனையும்கூட. ஊர்த் தெருவிலிருந்து வந்த பெண்ணும் சேரியிலிருந்து வந்த பெண்ணும் ஒரே வரப்பில் நின்று ஒரே மண்ணை வெட்டி ஒரே கூலி வாங்குவது நம் கிராமங்களுக்குப் புதிது. நான் போன பணித்தளங்களில் தண்ணீர்க் குடம் இன்னும் தனித்தனிதான். சாப்பிட உட்காரும் மர நிழலும் தனித்தனிதான். ஆனால் பதிவேடு ஒன்று.

அந்தப் பதிவேட்டையும் பிரித்துப் பார்த்தார்கள். 2021 மார்ச்சில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாநிலங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. 2021–22 நிதியாண்டு முதல் கூலியைப் பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர்கள் என்று மூன்றாகப் பிரித்துக் கணக்கிட்டு அனுப்ப வேண்டும் என்றது. விளைவு? ஒரே குழுவில் ஒரே வாரம் வேலை செய்தவர்களில் ஒரு பிரிவுக்குப் பணம் முன்னே வந்தது, இன்னொரு பிரிவுக்குப் பின்னே வந்தது. “அவங்களுக்கு மட்டும் வந்துடுச்சாம்” என்கிற பேச்சு பணித்தளத்தில் கிளம்பினால் அது யார் மீது போய் விழும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பணத்தை நிறுத்தியவர் டெல்லியில் இருக்கிறார். கோபத்துக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது சேரி. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அந்த ஆண்டுக்குள்ளேயே அந்த முறை கைவிடப்பட்டது. ஆனால் தாமதத்துக்குச் சாதி தெரியாது என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. தாமதத்தையே சாதி வாரியாகப் பிரித்துக் கொடுக்க முடியும் என்று அரசே செய்து காட்டிவிட்டது.

சாதி உழைப்பவர்களையே பிரித்து அடுக்குகிறது, ஒரு தொழிலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியை அடைக்கிறது, அதனால் வேலையின்மைக்கே அது ஒரு காரணமாகிறது என்று அம்பேத்கர் 1936இலேயே ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலில் வாதிட்டார். வேலையின்மையைத் தனியாகவும் சாதியைத் தனியாகவும் பேசுகிற பழக்கம் நம் முற்போக்கு மேடைகளில் 90 ஆண்டுகள் கழித்தும் போகவில்லை.

*படித்தவர்களுக்கு மட்டும் வேறா?*

இதைப் படிக்கும் பலரும் என்னைப் போல, குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்களாக இருப்பீர்கள். ஏரி வேலை நம் அம்மாக்களின் பிரச்சினை, நமக்கு வேறு என்று தோன்றலாம். நமக்கும் இதே பாடம்தான்.

தமிழ்நாட்டில் படித்து வேலையில்லாத இளைஞர்களுக்கு உதவித்தொகை இருக்கிறது. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், நாளொன்றுக்கு 20 ரூபாய். மாதாமாதம் தருவதில்லை, காலாண்டுக்கு ஒரு முறை. அதைக் கேட்பதற்கே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் காத்திருந்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. ஐந்து ஆண்டுகள் வேலையில்லாமல் காத்திருந்தேன் என்று நிரூபித்த பிறகு நாளுக்கு இரண்டு டீ. ஐந்து ஆண்டுகள் சும்மா காத்திருக்க எந்த வீட்டுப் பிள்ளையால் முடியும்? அப்பாவுக்கு நிலமோ கடையோ இருக்கிற வீட்டுப் பிள்ளையால் முடியும். அந்த வீட்டுக்கு இந்த 600 ரூபாய் தேவையில்லை. தேவைப்படுகிற பிள்ளை அதற்குள் சரக்கு வண்டியில் ஏறியிருப்பான், உணவு டெலிவரிக்குப் போயிருப்பான், திருப்பூருக்கு பஸ் ஏறியிருப்பான். அண்ணல் தொழிலாளர் துறை உறுப்பினராக வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்த 1942–46 காலத்தில்தான் வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கு இங்கே அடித்தளம் போடப்பட்டது. வேலை தேடித் தருவதற்காகப் பிறந்த அந்த அலுவலகம் இன்று காத்திருப்பை எண்ணும் அலுவலகமாகிவிட்டது.

எனக்கு வர வேண்டிய ஆராய்ச்சி உதவித்தொகையும் பல முறை மாதக்கணக்கில் நின்றிருக்கிறது. உதவித்தொகை வாங்குகிறவர் வேறு ஊதிய வேலை பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. அதாவது வேலைக்கும் போகக் கூடாது, பணமும் வராது. விடுதிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி உண்டு, அபராதம் உண்டு. உதவித்தொகைக்குக் கடைசித் தேதியும் இல்லை, அபராதமும் இல்லை. ஒரு முறை ஐந்தாவது மாதம் அலுவலகத்தில் போய்க் கேட்டபோது, “மொத்தமா வரும்போது பெரிய தொகையா வரும் சார், சேமிப்பு மாதிரி” என்றார் ஒருவர். அந்த நேரத்தில் வீட்டிலிருந்து பணம் வாங்கிச் சமாளித்த நண்பர்கள் ஆய்வை முடித்தார்கள். வாங்க வீடில்லாதவர்களில் சிலர் தனியார் கல்லூரியில் கிடைத்த சம்பளத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ‘ஆய்வைத் தொடர முடியாமல் விலகியவர்’ என்று அவர்களின் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். தகுதியில்லை என்று ஊர் சொல்லும். அவர்களும் ஒரு விதத்தில் பழைய கழனிக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தான்.

*இனி மறைக்க வேண்டியதில்லை*

தாமதத்தால் மறைமுகமாகச் செய்துவந்ததை இப்போது சட்டமாகவே எழுதிவிட்டார்கள். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ‘விபி–ஜி ராம் ஜி’ சட்டம் நூறு நாளை 125 நாளாக்கியதாக விளம்பரம் செய்கிறார்கள். அதே சட்டத்தில், விதைப்பும் அறுவடையும் உச்சத்தில் இருக்கும் காலத்தில் மொத்தம் 60 நாள் வேலையே நடக்காது என்று மாநிலங்கள் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. கிராமத்தில் தொழிலாளிக்குக் கூலி பேசும் பலம் எப்போது அதிகம்? நடவிலும் அறுப்பிலும். சரியாக அந்த நாட்களில் மாற்று வேலை இருக்காது. “ஆள் கிடைக்கவில்லை” என்ற வாக்கியம் டீக்கடையில் தொடங்கி நாடாளுமன்றத்தில் சட்டமாகிவிட்டது.

இதுவரை உடலுழைப்புக் கூலி முழுவதும் ஒன்றியத்தின் பொறுப்பு. இனி பெரும்பாலான மாநிலங்களுக்கு 60–40 பங்கு. பணம் தர வேண்டியவர் ஒருவராக இருந்தபோதே நான்கைந்து மாதம் ஆயிற்று. இனி இரண்டு பேர். ஒருவரை ஒருவர் கை காட்ட எவ்வளவு வசதி! படியைப் பறிக்கிற பழைய விதிகளை நீக்கிவிட்டோம் என்றும் பெருமை பேசுகிறார்கள். யாரும் வாங்காத படியைப் பறிக்கும் விதி இருந்தால் என்ன, போனால் என்ன?

ஆகவே நம் கோரிக்கை ‘தாமதமின்றி வழங்குக’ என்கிற பழைய பல்லவியோடு நிற்க முடியாது. வேலை கேட்ட நாளே, கேட்டவர் கையில் தேதி போட்ட ரசீது இருக்க வேண்டும். 15 நாள் முடிந்ததும் யாரும் மனுப் போடாமலே படி கணக்கில் ஏற வேண்டும். வருகையைக் காலையிலும் மாலையிலும் படம் பிடித்து ஏற்றத் தெரிந்த அரசுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. தாமத இழப்பீடு, பணம் தொழிலாளியின் கணக்கில் விழும் நாள் வரைக்கும் கணக்கிடப்பட வேண்டும். அது 96 காசாக இல்லாமல், தாமதிக்கும் அரசுக்கு வலிக்கிற தொகையாக இருக்க வேண்டும். 60 நாள் தடையைத் தமிழ்நாடு எந்த வடிவத்திலும் ஏற்கக் கூடாது. ஒன்றிய அரசை எதிர்த்துப் பேசும் மாநில அரசு, தன் பணத்தில் தர வேண்டிய படியை இதுவரை எத்தனை பேருக்குக் கொடுத்தது என்று ஊராட்சி வாரியாக வெளியிட வேண்டும்.

இதெல்லாம் மேலிருந்து தானாக வராது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நம்மால் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 என்று கிராம சபை கூடுகிறது. அம்மாவோடும் அக்காக்களோடும் உட்கார்ந்து ஆளுக்கொரு மனு எழுதுங்கள். கூட்டமாகப் போய்க் கொடுங்கள். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். ரசீது தர மறுத்தால் மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், தபால் துறையின் முத்திரையில் தேதி இருக்கும். 16ஆம் நாள் படி கேட்டு அடுத்த மனுவைக் கொடுங்கள். ‘மரத்தடியில் சும்மா உட்கார்ந்து சம்பளம்’ என்று அடுத்த முறை மீம்ஸ் வந்தால் கடந்து போகாதீர்கள். அதில் கேலி செய்யப்படுவது யாருடைய அம்மா என்று கேளுங்கள்.

ஒருவரை ஆண்டாண்டுக்கும் காக்க வைக்கும் அதிகாரம் சாதியின் பழைய அதிகாரம். களத்து மேட்டில் கூலி நெல்லுக்காக இருட்டும் வரை காத்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நம் கையில் இன்று பேனா இருக்கிறது. முதலில் தேதியை எழுதச் சொல்வோம்.

ஜெய்பீம்!